வழி கேட்காத மனுசி

காரில் வைத்து வழி பார்க்க ஒரு போன் வேண்டும் என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "நீங்க ரோட்டுல ஆளுங்ககிட்ட வழி கேப்பீங்களா, மாட்டீங்களா?" இவளுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வழி கேட்கிற ஆளுக்கு எந்தப் போனும் போதும். சந்தியில் நிற்கிற த்ரீவீல்காரரே போதும். கேட்காத ஆளுக்குப் போன் தேடிக் கொடுப்பதுதான் பெரும்பாடு. நான் பட்டுத் தெரிந்துகொண்டது அது.

அப்போது கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போன் கடையில் சம்பளத்துக்கு நின்றேன். வழி கேட்காத அந்த மனுசி அலவத்துகொடயிலிருந்து வருவார். பெயரை பில்லில் எழுதியிருப்பேன், இப்போது ஞாபகமில்லை. கடையில் நாங்கள் எல்லோரும் "அலவத்துகொட மேடம்" என்போம். ஐம்பதைத் தாண்டிய வயது, சாம்பல் நிற அபாயா, மூக்கின் பாதிக்கு இறங்கி நிற்கிற கண்ணாடி, கையில் எப்போதும் கார்ச் சாவி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் வந்தவர் சார்ஜர் தொங்குகிற மூலையில் போய் நின்றார். நின்றார் என்றால் நின்றார், அவ்வளவுதான். போன் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் வாசித்தார். "என்ன மேடம் வேணும்?" என்றேன். "நீங்க வேலையப் பாருங்க புள்ள" என்றார். அந்த "புள்ள" எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவருடைய வயதில் அக்குறணை, அலவத்துகொடப் பக்கத்திலிருந்து வருகிற உம்மாமார் எல்லோரும், முன்பின் தெரியாதவளாக இருந்தாலும், "மகள், இத கொஞ்சம் பாத்துத் தாங்க" என்பார்கள். இவர் மட்டும் புள்ள. சரி, கணக்கு டீச்சர் அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டேன்.

வாசித்து முடித்து என் முன்னால் வந்து, தன் பழைய போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "இது தொறக்குதில்ல" என்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

அவருடைய பேச்சே இப்படித்தான் என்று எனக்குப் புரியச் சில நாள் ஆனது. கேள்வி கேட்கமாட்டார். "இது ஏன் திறக்கவில்லை?" என்பது அவர் வாயில் வராது. "தொறக்குதில்ல." "வெயில்ல தெரியாது போல." "மழைக்கு நனைஞ்சா பழுதாகும் போல." ஒரு வசனத்தை நம் முன்னால் வைத்துவிட்டு நிற்பார். பதிலை நாமாகத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் அம்மா "வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள். எனக்கு இந்த மனுசியைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. கேட்டால் வாய் தேய்ந்தா போகும்?

பழைய போனில் திறக்காமல் கிடந்தது ஒரு சிவப்புப் புள்ளி. யாரோ தான் இருக்கிற இடத்தை மேப்பில் குறித்து அனுப்பியிருந்தார்கள். மேலே ஒரு ஸலாம் இல்லை, கீழே ஒரு சொல் இல்லை. வெறும் புள்ளி. அவருடைய போன் கிழடு, அந்த மேப்பைத் தூக்கச் சக்தியில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் என் போனுக்கு மாற்றித் திறந்தேன். கண்டி விரிந்தது, பேராதனை போனது, கலஹா போனது, தெல்தோட்டையைத் தாண்டி ஒரு தேயிலை மலையில் போய் அந்தப் புள்ளி குந்தியது.

"ஐயோ, இது எங்க பக்கம்ல!" என்று கத்திவிட்டேன். நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில்தான், வேறு டிவிஷன். "யாரு மேடம் அங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காருல வச்சிப் பாக்கக்கூடிய போன் ஒண்டு வேணும்" என்றார்.

கடைசிவரை ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். புள்ளி அனுப்பியது அவருடைய ஒரே மகள். வீட்டில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு, அக்குறணைக்கு டியூஷன் கொடுக்க வந்த வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போய்விட்டவள். தொழுகிற பையன், தெல்தோட்டை முஸ்லிம் குடும்பம், ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அரசாங்க வேலை. குறை என்றால், ஹாஜியாரின் கண்ணில் படுகிற அளவுக்குக் குடும்பத்தில் ஒன்றும் இல்லாத குறைதான். ஹாஜியார் என்பது மேடத்தின் புருஷன், அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை. "இந்த வீட்டிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது" என்று அவர் சொல்லி இரண்டு வருஷ நோன்பு கடந்துவிட்டது. இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்குகிறது என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ மேடத்தின் காதில் போட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் புள்ளி வந்தது. தலைப்பிள்ளை பெற மகள் உம்மா வீட்டுக்கு வருவதுதான் அவர்கள் முறை. அவள் வரமுடியாது. அப்படியென்றால் பிள்ளை பிறக்கும் முன்னால் இவர் போக வேண்டும். போகிற வழியை எவரிடமும் கேட்காமல் போக வேண்டும்.

இதையெல்லாம் ஒரேயடியாக எங்கே சொன்னார்! ஒவ்வொரு பயணத்தில் ஒவ்வொரு துண்டாக விழுந்ததை நான் பொறுக்கிச் சேர்த்தது.

பயணம் என்றேனே, அது என்னவென்றால், போனைக் காரில் வைத்து ஓட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்றார். விற்காத போனைத் தெருவுக்கு அனுப்ப முதலாளிக்கு மனமில்லை. தலையைச் சொறிந்தார், பிறகு என்னைப் பார்த்தார். "போன் போற எடத்துக்கு நீயும் போ. போன் பத்திரமா திரும்பி வரணும். நீ வராட்டியும் பரவாயில்ல."

அக்குறணையில் போன் கடைக்குப் பஞ்சமா என்று நீங்கள் கேட்கலாம். ரோட்டின் இரண்டு பக்கமும் போன் கடைதான். நானும் அதைக் கேட்டேன். "எல்லாம் எங்கட ஆக்கள்" என்றார் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே. "இது நானாட மகன்ட கடை, அது மச்சான்ட கடை. மாமி, மேப் போன் என்னத்துக்கு, எங்க போறீங்க எண்டு கேப்பாங்க. நான் வீட்டுக்குப் போய்ச் சேர முந்தி ஹாஜியாருக்குச் செய்தி போயிரும்." ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கண்டிக்கு வந்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

முதலில் கொடுத்தது கொஞ்சம் மலிவான போன். சில போன்களில் திசை காட்டும் பாகமே இருக்காது. கார் ஓடும்போது அம்புக்குறி நேராகக் காட்டும், நின்றால் போச்சு, திசை தெரியாமல் சுற்றத் தொடங்கிவிடும். வாவியைச் சுற்றிப் போகும்போது வாகன நெரிசலில் நின்றோம். கார் டவுனைப் பார்த்து நிற்கிறது, அம்பு வாவிக்குள் இறங்கச் சொல்கிறது. அவர் தண்ணீரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "இது குளிக்கப் போகச் சொல்லுது" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை, ஆனால் கன்னம் கொஞ்சம் ஆடியது.

அடுத்த போன் நல்ல போன்தான், வெயிலுக்கு ஆகவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வண்டிகள் நகராத மத்தியானம். டேஷ்போர்டில் கிடந்து கொதித்த போன், "சூடாகிவிட்டது" என்று ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மேடத்துக்கும் முகமெல்லாம் வேர்வை. உதடு காய்ந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு பெட்டிக்கடை, தண்ணீர்ப் போத்தல் தொங்குகிறது. அவர் அதைப் பார்க்கிறார், ரோட்டைப் பார்க்கிறார், அதைப் பார்க்கிறார். கார்க் கண்ணாடியை இறக்கி ஒரு போத்தல் கேட்கலாம் அல்லவா? மாட்டார். நான்தான் இறங்கி ஓடி வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"தாகம்னு ஒரு வார்த்த கேட்டா என்னா மேடம்?"

"கேக்காமக் கெடச்ச தண்ணிக்கித்தான் ருசி" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

இந்தக் குணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவரே ஒரு கதை சொன்னார். கம்பளையில் ஒரு கல்யாணம். ஹாஜியார் வேறு ஆட்களோடு முன்னால் போய்விட்டார், இவர் தனியாகக் காரில். மண்டபம் எது என்று தெரியவில்லை. டவுனைச் சுற்றினார், சுற்றினார், திரும்பவும் சுற்றினார். "பிரியாணி வாசம் வந்த. வாசல் எது எண்டுதான் தெரியல்ல." ஒருவரிடமும் கேட்காமல், பரிசுப் பெட்டியோடு அலவத்துகொடைக்குத் திரும்பிவந்து, வீட்டில் இருந்த பாண் ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இப்பிடியும் ஒரு மனுசி இருப்பாங்களா!" என்றேன். "ஈக்கிறன் தானே" என்றார்.

மூன்றாவது போனை ஹந்தானை மலை ரோட்டுக்குக் கொண்டுபோனோம். வெயிலுக்குத் தாங்கியது, அம்பு சுற்றவில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் வந்ததும் தடுமாறத் தொடங்கியது. கார் கீழ் ரோட்டில் போகிறது, அம்பு ஒரே தாவில் மேல் ரோட்டுக்கு ஏறிவிடுகிறது. திரும்பவும் என்கிறது, திரும்ப இடமில்லை. நான் விளக்கம் கொடுத்தேன். "வானத்துல இருந்து பாக்குறப்ப மேல் ரோட்டும் கீழ் ரோட்டும் கிட்டக்கிட்டக் கெடக்கு மேடம். இதுக்கு உசரம் அவ்வளவா தெரியாது."

"மேலயும் கீழயும் சரியாத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்" என்றார். அல்லாஹ்வைச் சொல்கிறார் என்று எனக்குப் பிறகுதான் பட்டது.

ஆனாலும் போன் பேசுவது அவருக்குப் பிடித்திருந்தது. தமிழில் வழி சொல்ல வைத்துக் கொடுத்திருந்தேன். "இடதுபுறம் திரும்பவும்" என்று அந்தப் பெண்குரல் செய்தி வாசிக்கிற மாதிரிச் சொல்லும். வேண்டுமென்றே ஒரு முறை பிழையாகத் திரும்பினார். போன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் புது வழி சொன்னது. "ஏசல்ல" என்றார் ஆச்சரியமாக. கொஞ்ச தூரம் போனபின், "எங்க போற எண்டு மட்டும் கேக்குது. என்னத்துக்குப் போற எண்டு கேக்குதில்ல. நல்ல புள்ள" என்றார். அந்தப் பெட்டிக்குக் கிடைத்த பாராட்டு எனக்குக்கூடக் கிடைத்ததில்லை.

ஹந்தானையிலிருந்து இறங்கும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் அப்படித்தான், மனதில் வைத்திருக்கத் தெரியாது. "மேடம், நான் சொல்றேன்னு கோவிக்காதீங்க. மகளுக்கு ஒரு போன் கோல் எடுத்து, எங்க இருக்க, எப்பிடி வரணும்னு கேட்டா அந்தப் புள்ள சொல்லாதா? இதுக்குப் போயி போன் போனா மாத்திக்கிட்டு! நாளு போகுதுல்ல?"

"எடுத்தா எதையாவது கேக்க வேண்டி வரும்" என்றார்.

"கேளுங்களேன்!"

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை, இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.

"அவ போன அண்டைக்கி நான் குசினியில மா அரிச்சிட்டு ஈந்த" என்றார். "பேக்கத் தூக்கிட்டு வந்து குசினி வாசல்ல நிண்டா. போகட்டா உம்மா எண்டு அவ கேக்கல்ல. போகாத மகள் எண்டு நானும் கேக்கல்ல. கேட்டு, அவ ஏலா எண்டு சொல்லிட்டா எண்ட பயம். குனிஞ்சி அரிச்சிட்டே ஈந்த. அரிச்சி முடிஞ்சி தலைய நிமித்திப் பாக்க வாசல்ல ஆளில்ல." ஒரு கையைக் கியருக்குக் கொண்டுபோனார். "அந்த மாவுல அண்டைக்கி ஒண்டும் சுடல்ல."

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. இவர் கேட்கமாட்டார் என்று தெரிந்துதான் அவள் ஒரு சொல்லும் எழுதாமல் புள்ளியை மட்டும் அனுப்பியிருக்கிறாள். வா என்று கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரையும் ஒரே அறையில் பூட்டி வைத்தால் பசியில் கிடப்பார்களே தவிர, சோறு எங்கே என்று ஒருத்தி மற்றவளைக் கேட்கமாட்டாள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

ஹாஜியாரின் பேச்சை மீறிப் போவது பற்றி மட்டும் அவருக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. "அவர் போகாதீங்க எண்டு சொன்ன. நான் போகட்டா எண்டு கேக்கல்ல. கேட்டாத்தான் இல்ல எண்டு சொல்ல ஏலும்." கணக்கு டீச்சரின் கணக்கு. இந்தக் கேட்காத குணத்தால்தான் கார் ஓட்டவும் பழகினாராம். கேட்டிருந்தால் வீட்டில் விட்டிருக்கமாட்டார்கள், லைசென்ஸை எடுத்துக்கொண்டுவந்து மேசையில் வைத்தபிறகு யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை மட்டும் நான் மெச்சினேன்.

நான்காவது போன் சரியாக அமைந்தது. நல்ல வெளிச்சமான திரை, உரத்த குரல், சூடாகவில்லை, அம்பு ரோட்டை விட்டு நகரவில்லை. அங்கே மலைக்குள் சிக்னல் போய்விடும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பக்கத்து மேப்பை முழுதாகப் போனுக்குள்ளேயே இறக்கிக் கொடுத்தேன். வளைவுகளில் விழாத ஹோல்டர், காரிலேயே சார்ஜ் ஏற்ற வயர், எல்லாம் பொருத்திவிட்டேன். பில்லைக் கட்டிவிட்டு, "ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை ஒண்டும் இல்ல" என்றார். யாரும் கேட்காத செய்தி. பிறகு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தங்கியிருந்த, அவர் ஒருமுறை என்னை இறக்கிவிட்ட போடிங் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய வெள்ளைக் கார் வந்து நின்றது. முன்பக்கத்துக் கதவை உள்ளேயிருந்தே திறந்துவிட்டு, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை. வருவாயா என்று கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது. நான் ஈரக் கையோடு உள்ளே போய், உடுப்பை மாற்றிக்கொண்டுவந்து ஏறினேன். வேறு என்ன செய்வது?

பின்சீட்டில் ஒரு பெரிய பை. மேலே வட்டிலப்பம் வைத்த டின், கீழே வெள்ளைத் துணிகள், ஒரு சின்னப் போர்வை. பேராதனை தாண்டியபின் அவராகவே சொன்னார். "பைய ஹாஜியார் கண்ட."

"ஐயையோ! என்னா சொன்னாரு?"

"டயருக்குக் காத்துப் பாத்தாச்சா எண்டு கேட்ட. வேற ஒண்டும் கேக்கல்ல."

அவருடைய கை ஸ்டீயரிங்கில் கொஞ்சம் தளர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

கலஹா வந்தது, தெல்தோட்டை வந்தது. போன் தன் செய்திக் குரலில் ஒரு வளைவையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தது. சிக்னல் போனது, போனும் அசரவில்லை, நாங்களும் அசரவில்லை. பெரிய ரோட்டை விட்டுத் தோட்டத்து ரோட்டில் ஏறினோம். நான் அந்த மலைகளில் வளர்ந்தவள்தான், ஆனால் கார் போகிற ரோட்டு எது என்று எனக்கு என்ன தெரியும்? நாங்கள் நடந்தல்லவா போனோம். எங்களுக்குத் தெரிந்தது குறுக்குப் பாதையும் படிக்கட்டும்தான். அதனால் நானும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் தேயிலை, மேலே ஒரு வரிசை சவுக்கு மரம், மெல்லிய மழைத்தூறல்.

ஒரு வளைவில் போன் சொன்னது: "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்."

அவர் காரை நிறுத்தினார். நாங்கள் வெளியே பார்த்தோம். வீடு இல்லை, வரிசை வீட்டு லயம் இல்லை, ஆள் இல்லை. இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் கல் அடுக்கிக் கட்டின உயர்ந்த மதில், அதற்குமேல் தேயிலை. திரையில் பார்த்தால் நீல அம்பு சிவப்புப் புள்ளியின்மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அங்குலம் பிழையில்லை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. புள்ளி இங்கேதான், ஆனால் எங்கள் தலைக்குமேல். எங்கேயோ மேலே வீடு இருக்கிறது, ஏறுகிற வழி எங்கே என்று மட்டும் இந்தப் போனுக்குத் தெரியாது.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது சொல்லும் என்று காத்திருந்திருப்பார். அது சொல்லவில்லை. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டது. கம்பளையில் வாசலைத் தேடிச் சுற்றிவிட்டுத் திரும்பின கதை எனக்கு ஞாபகம் வந்தது. இவர் காரைத் திருப்பினாலும் திருப்புவார்.

அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு அம்மா வந்தார், தலையில் விறகுக் கட்டு, தோளில் மழைக்குப் போட்ட பொலித்தீன். நான் கதவில் கை வைத்தேன். "இருங்க மேடம், நான் எறங்கிக் கேட்டுட்டு வாறேன்."

"வேணாம்" என்றார். "நானே கேக்கிற."

இறங்கினார். அபாயா நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்துபோய் அந்த அம்மா முன்னால் நின்றார். எனக்குத் தெரிந்த பழைய நிற்பு. வசனமொன்றை வைத்துவிட்டுச் சும்மா நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். விறகுக்கார அம்மா, "யாரு வீட்டுக்குங்க?" என்றார். அங்கே அப்படித்தான் கேட்பார்கள், வீட்டு இலக்கம் யாருக்கும் தெரியாது.

மேடம் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டார்.

"என்ட மகள் இங்க ஈக்கிறா. மகள்ட வீட்டுக்கு எப்பிடிப் போற?"

"மவளா? எந்தப் புள்ளங்க?"

"மாசமா ஈக்கிறா."

"அடியாத்தி!" விறகுக் கட்டு ஒரு பக்கம் சரிந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரு வீட்டுப் புள்ளயோட அம்மாவா நீங்க? அந்தப் புள்ள சாயந்தரமானா மேல மதிலுகிட்ட வந்து நின்னு ரோட்டையே பாக்குமே. இத்தன நாளு ஏங்க வரல?"

ஊரில் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து கண்டிவரை வந்து போன் தேடியவரிடம், இங்கே ஒரு ஆள் நேராகவே கேட்டுவிட்டார். நான் கார்க் கண்ணாடியை முழுதாக இறக்கினேன்.

"வழி தெரியல்ல" என்றார்.

"வழியா?" அந்த அம்மாவுக்கு விளங்கவேயில்லை. "கீழ கடையில கேட்டிருந்தா சின்னப் புள்ளகூடச் சொல்லியிருக்குமேங்க." மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, பாவம். தலையை ஆட்ட முடியாமல் கண்ணாலேயே காட்டினார். "அந்த வளைவுல படி இருக்கு. ஏறுனா பள்ளிக்கூடம், அதுக்குப் பின்னால வீடு. காரு ஏறாது, நடந்துதான் போவணும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் நனைந்திருந்தது, தூறலும் இருந்தது, எது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். போனை எடுக்க அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. அது ஹோல்டரில் அப்படியே ஒளிர்ந்துகொண்டு கிடந்தது.

படி செங்குத்து. முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை வீடு, வாசலில் இரண்டு செவ்வந்திச் செடி, திறந்த கதவு. உள்ளே குசினியில் பாத்திரம் உருளுகிற சத்தம். மேடம் வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். அதற்குமேல் கால் எடுத்துவைக்கவில்லை.

சத்தம் நின்றது. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். உம்மாவின் அதே மூக்கு. வந்தவள் நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள், ஒரு சொல் பேசவில்லை. இவரும் பேசவில்லை. எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

பிறகு அவர் கேட்டார்.

"நான் உள்ள வரட்டா, மகள்?"

அந்தப் பெண்ணின் முகம் உடைந்தது. படியில் இறங்கி வந்து உம்மாவின் கையைப் பிடித்தாள்.

"என்ன உம்மா இது," என்றாள், "இதையெல்லாமா கேக்கிற?"